பால் காய்ச்சுங்கள்... உடனே குடி போகாதீர்கள்!

குத்தாலத்தில் என் வைத்தியசாலைக்கு ஏழு மாதக் கர்ப்பிணிப் பெண் ஒருத்தியை அவளுடைய அம்மா அழைத்து வந்தார். வளைகாப்பு முடிந்து, தலைப் பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஓயாத தும்மல், கண் எரிச்சல், தலைவலி.

"வந்த நாள்லேர்ந்து இப்படித்தாங்க டாக்டர். தண்ணி ஒத்துக்கலை போல. ஆடாதோடைக் கஷாயம் ஏதாச்சும் கொடுங்களேன்" என்றார் அம்மா.

"ராத்திரி எங்கேம்மா படுக்கிறே?" என்று பெண்ணைக் கேட்டேன்.

அம்மாதான் பெருமையாகப் பதில் சொன்னார்: "அவளுக்குன்னே மாடி ரூமைப் புதுசா ரெடி பண்ணியிருக்கோம் டாக்டர். பெயிண்ட் அடிச்சு, பிளைவுட்ல அலமாரி செஞ்சு, ஏ.சி.கூடப் போட்டாச்சு. கொசு வரக் கூடாதுன்னு ஜன்னலையே திறக்கிறதில்லை!"

நடுவில் இரண்டு நாள் அத்தை வீட்டில் தங்கியிருக்கிறாள். அங்கே தும்மல் இல்லை! கஷாயம் எதுவும் நான் கொடுக்கவில்லை. "படுக்கையைக் கீழே கூடத்துக்கு மாத்துங்க. பிரசவம் பார்க்கிற டாக்டர்கிட்டேயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று அனுப்பி வைத்தேன். ஒரு வாரத்தில் தொல்லை பெருமளவு அடங்கிவிட்டது.

எல்லாத் தும்மலுக்கும் புது வீடுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், நம் பக்கத்தில் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் புது வீடுகள் வரிசையாக எழும்பும் இந்தக் காலத்தில், இதை யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

'புது வீட்டு வாசனை' எது?

புது அலமாரியைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே ஒரு நெடி, அதை நாம் 'புதுசு வாசனை' என்று ரசிக்கிறோம். பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். பலகைகளை ஒட்டும் பசைகளில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு கலந்திருக்கிறது. பள்ளிக்கூட லேபில் தவளையைப் போட்டு வைப்பார்களே ஃபார்மலின், அது இதே வாயுவைத் தண்ணீரில் கரைத்ததுதான்! கண், மூக்கு, தொண்டையை உறுத்தும். ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் இதைச் சேர்த்தது. அறைக்குள் இது எந்த அரை மணி நேரத்திலும் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றுக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று 2010-ல் உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்தது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. புதிதில் அதிகமாக வெளியேறும் வாயு, மாதங்கள் போகப் போகக் குறையும். ஆனால் வெயிலும் ஈரமும் சேர்ந்தால் அதிகமாகக் கிளம்பும். வெயிலுக்கும் ஈரத்துக்கும் நம் காவிரிக்கரையில் பஞ்சமா என்ன?

எனாமல் பெயிண்ட், வார்னிஷ், தின்னர் இவற்றிலிருந்து கிளம்பும் ஆவிகளும் இதோடு சேர்ந்துகொள்ளும். நாம் வீடுகளில் மாட்டும் சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. நெடியும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஜன்னல் கணக்கு

நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் உள்ள பகுதிகளில், கதவைச் சேர்க்காமல், தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் இருக்கவேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் 120 சதுர அடி. அதற்கு 20 சதுர அடி ஜன்னல் வேண்டும். நாம் வைப்பதோ நாலுக்கு நாலு ஸ்லைடிங் ஜன்னல் ஒன்று. அதிலும் பாதிதான் திறக்கும். ஆக, எட்டே சதுர அடி! அதையும் திரை போட்டு மூடிவிடுகிறோம்.

பழைய ஓட்டு வீட்டில் திண்ணை, ரேழி, முற்றம், கொல்லை என்று காற்று நேராக வந்து நேராகப் போனது. அதற்காக அந்தக் காலம் சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். விறகடுப்புப் புகையில் வெந்து, வயதான காலத்தில் மூச்சிரைப்போடு போராடிய பாட்டிகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அடுப்புப் புகையை கேஸ் வந்து விரட்டியது. அந்த இடத்தில் நாமே காசு கொடுத்து வேறொரு நெடியை அடைத்து வைக்கலாமா?

சாம்பிராணி போட்டால் போகாதா?

பலர் கேட்கிறார்கள். போகாது. சாம்பிராணி அந்த நெடியை மறைக்குமே தவிர, வாயுவை விரட்டாது. மூடிய அறையில் அதுவும் ஒரு புகைதான். "சித்த வைத்தியரே இப்படிச் சொல்லலாமா?" என்பீர்கள். பாளையங்கோட்டைக் கல்லூரியில் எனக்கு முதலில் கற்றுக் கொடுத்தது வளி, அழல், ஐயம். முதலாவதான வளிக்கே காற்று என்றுதான் பொருள். உள்ளே போகும் காற்றைக் கெடுத்துக்கொண்டு, வெளியிலிருந்து மருந்து கேட்பதில் அர்த்தமில்லை. (இழுப்புக்கு இன்ஹேலர் எடுப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்திவிடவும் கூடாது.)

என்ன செய்யலாம்?

* முகூர்த்த நாளில் தாராளமாகப் பால் காய்ச்சுங்கள். ஆனால் பெயிண்ட், தச்சு வேலை எல்லாம் முடிந்து ஒரு மாதமாவது வீட்டைத் திறந்து போட்டுக் காய விடுங்கள். பிறகு குடி போங்கள்.

* எதிரெதிர் ஜன்னல்களைக் காலையும் மாலையும் திறந்து வையுங்கள். கொசுவுக்குப் பயந்தால் ஜன்னலுக்கு வலை அடியுங்கள். ஜன்னலையே அடைக்காதீர்கள்.

* பலகை வாங்கும்போது ஃபார்மால்டிஹைடு குறைவான ஈ-0 அல்லது ஈ-1 தரம் கேளுங்கள். பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். குழந்தை அறைக்குப் பழைய ஸ்டீல் பீரோவே போதுமே!

* பழைய பெயிண்டைச் சுரண்டும்போது கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டின் தூளில் ஈயம் நிறைய இருக்கலாம். தாயின் உடம்பில் சேரும் ஈயம் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

* கொல்லைக் கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை ரம்பம் போட்டு அறுப்பதும், உடைத்துத் தள்ளுவதும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அதன் நார்த்தூள் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோயைக் கொண்டுவரலாம். கழற்றத்தான் வேண்டுமென்றால், நன்றாக நனைத்து, முழுசாக இறக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, பெண்ணைப் பெற்ற அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பெற வரும் மகளுக்கு அறையைப் புதுசாக்கித் தர வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. நானும் பெண்ணைப் பெற்றவன்தான். ஆனால் அந்த வேலையை அவள் வருவதற்கு மூன்று மாதம் முன்பே முடித்துவிடுங்கள். முடியவில்லையா? அவள் குழந்தையோடு புகுந்த வீடு போன பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை பழைய அறையில், ஜன்னலோரமாக ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தாலே போதும்.