‘ஒரு கிலோவாட் போட்டால் போதும்’ என்னும் கணக்கு

ஈபி கம்பி எட்டாத தோட்டத்து வீட்டுக்கு சோலார் போட நினைப்பவருக்குக் கிடைக்கும் யோசனை எங்கு விசாரித்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு கிலோவாட் பேனல், 150 ஏஎச் பேட்டரி ஒன்று, ஒரு இன்வெர்ட்டர். சின்ன வீட்டுக்கு இது தாராளம், நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம், ஒருமுறை போட்டுவிட்டால் 25 வருஷத்துக்குக் கரண்ட் இலவசம். மார்ச் மாதத்தை மட்டும் பார்த்தால் இதில் பாதிக்கு மேல் சரி. தவறு, கணக்கைப் பேனலில் தொடங்குவதில் இருக்கிறது. அது வீட்டின் செலவில் தொடங்கி, வருஷத்தின் மிக மோசமான வாரத்தில் போய் முடிய வேண்டும்.

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம், காப்பித் தோட்டத்துக்குள் உள்ள இரண்டு அறை வீடு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். 9 வாட் எல்இடி பல்பு நான்கு, மாலை ஐந்து மணி நேரம்: 180 வாட்-மணி. 30 வாட் பிஎல்டிசி மின்விசிறி ஆறு மணி நேரம்: இன்னொரு 180. லேப்டாப்புக்கு 200. நாள் முழுக்க எரியும் ரவுட்டருக்கு 240. சிறிய ஃப்ரிட்ஜுக்குச் சுமார் 700. அரை எச்பி மோட்டார் அரை மணி நேரம் ஓட 275. செல்போன்களையும் சேர்த்தால் 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். பட்டியல் இத்தோடு முடிந்தது என்றே பலரும் நினைப்பார்கள். எதுவும் ஓடாதபோதும் இன்வெர்ட்டர் தனக்கென்று ஏறத்தாழ 20 வாட் இழுத்துக்கொண்டிருக்கும். 24 மணி நேரத்துக்கு அது 480 வாட்-மணி. பல்பும் விசிறியும் சேர்ந்து தின்பதைவிட இது அதிகம். ஆக, வீட்டின் தேவை 1.8 அல்ல, 2.3 யூனிட்.

ஒரு கிலோவாட் பேனல் ஒரு கிலோவாட் தரும் என்பது அடுத்த நம்பிக்கை. பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் எண், சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியிலும் 25 டிகிரி செல் வெப்பத்திலும் ஆய்வகத்தில் அளந்தது. வெயிலில் கிடக்கும் பேனல் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும். மதுரையைவிட மலையில் இந்த இழப்பு குறைவு என்பது உண்மைதான். ஆனாலும் தூசு, கம்பி, பேட்டரி எல்லாவற்றிலும் போவதைக் கழித்தால் முக்கால் பங்கு கைக்கு வந்தாலே நல்லது.

வெயிலுக்குப் பஞ்சமில்லை என்பதும் ஆண்டுச் சராசரியை நம்பிச் சொல்வது. கோடையில் ஐந்தரை மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி விழும் நாளில் ஒரு கிலோவாட் நான்கு யூனிட் தரும். வீட்டுக்குப் போக மிச்சமும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்து, மேகம் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டால் அந்த ஐந்தரை ஒன்றாகச் சுருங்கும். அன்றைய வரவு முக்கால் யூனிட், செலவு 2.3. காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களின் தொல்லை வேறு. டிசம்பர் நண்பகலில் இந்த மலையில் சூரியன் தெற்கே 56 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். 15 மீட்டர் மரத்தின் நிழல் வடக்கே 10 மீட்டர் நீளும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். வழக்கமான பேனலில் செல்கள் மூன்று வரிசைத் தொகுப்பாக இருப்பதால், ஒரு செல்லை மட்டும் கிளை நிழல் மறைத்தாலும் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி போய்விடும். கூரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பதோடு, டிசம்பரில் அதன்மேல் எந்த மரத்தின் நிழல் விழுகிறது என்றும் பார்த்தாக வேண்டும்.

பேட்டரிக் கணக்குதான் எல்லாவற்றையும்விட ஓட்டை. 12 வோல்ட், 150 ஏஎச் என்றால் ஏட்டில் 1.8 யூனிட். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் சரியும். எனவே நம்பி எடுக்கக்கூடியது 0.9 யூனிட். ஒரு நாள் தேவையில் பாதிகூட இல்லை. மழைக்கால வாரம் வீட்டை இருட்டாக்குவதோடு நிற்பதில்லை. முழு சார்ஜ் ஏறாமல் நாள்கணக்கில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகிப்போய், வெயில் திரும்பிய பிறகும் அது பழைய அளவுக்குப் பிடிக்காது. இரண்டாவது வருஷமே ‘கம்பெனி சரியில்லை’ என்று பழி கேட்கும் பேட்டரிகளில் பல இப்படிப் பட்டினியில் செத்தவைதான்.

இரண்டு நாள் இருப்பு வேண்டுமென்றால் 4.6 யூனிட் எடுக்கும்படி இருக்க வேண்டும். டியூபுலர் வகை லெட்-ஆசிட்டில் அது ஏறக்குறைய ஐந்து பேட்டரி. 24 வோல்ட்டாகக் கட்ட இரட்டைப்படை தேவை என்பதால் ஆறு. ஒவ்வொன்றும் 50 கிலோவுக்குக் குறையாது, ஜீப் போகாத இடத்துக்கு அதைத் தலைச்சுமையாகத்தான் ஏற்ற வேண்டும். 51.2 வோல்ட், 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 90 சதவீதம் எடுத்தாலே அந்த 4.6 கிடைத்துவிடும்; அரைகுறை சார்ஜில் கிடப்பதும் அதைப் பாதிக்காது. முதலில் விலை அதிகம் என்றாலும் இந்த வீட்டுக்கு இதுவே ஏற்றது. பேனலை ஒன்றரை கிலோவாட்டாக்கினால், மூன்று மணி நேர வெயில் கிடைக்கும் மந்தமான நாளில்கூட அன்றைய செலவு போக ஒரு யூனிட் பேட்டரிக்கு ஏறும். ஐந்தாறு நாள் அடைமழைக்கும் சேர்த்துப் பேட்டரி வாங்குவது வீண். அந்தச் சில நாள்களுக்கு ஃப்ரிட்ஜை அணைத்து வைக்கலாம், அல்லது சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் போதும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நிற்கும் சார்ஜ் கன்ட்ரோலர் எதுவானால் என்ன என்பதற்கு ஒரு பெருக்கல் பதில் சொல்லும். 330 வாட் பேனல் 37 வோல்ட்டில் 9 ஆம்பியர் தருவது. விலை மலிவான பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் வழியாக 12 வோல்ட் பேட்டரியில் அதை மாட்டினால், வோல்ட் 13க்கு இறங்கும், ஆம்பியர் ஒன்பதிலேயே நிற்கும்: 117 வாட். மிச்சம் 213 வாட் யாருக்கும் இல்லை. எம்பிபிடி வகை மிகுதி வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தருகிறது. பேட்டரியின் வோல்ட்டும் முக்கியம்: 12 வோல்ட்டில் 1,000 வாட் எடுக்க 83 ஆம்பியர் ஓட வேண்டும், 48 வோல்ட்டில் 21 போதும். அதே கம்பியில் வீணாவது பதினாறில் ஒரு பங்காகிறது. பேனல் பக்கம் ஏசி எம்சிபி மாட்டுவது ஆபத்து: டிசி மின்னோட்டம் சுழியைக் கடக்காததால், துண்டிக்கும்போது எழும் பொறி தானாக அணையாது.

மானியம் கிடைக்கும் என்ற பேச்சும் உண்டு. 2024இல் அறிவிக்கப்பட்ட பிஎம் சூர்ய கர் திட்டத்தின் 78,000 ரூபாய் வரையிலான மானியம், மின்வாரியக் கம்பியோடு இணைந்த வீட்டுக் கூரைகளுக்கானது. அதற்கான ஆன்-கிரிட் இன்வெர்ட்டரை இங்கே கொண்டுவந்தாலும் பயனில்லை; கம்பியில் மின்சாரம் இல்லாவிட்டால் அது தானாக நின்றுவிடும்.

கடைசியாக, இலவசக் கரண்ட். 25 வருஷம் என்பது பேனலுக்கான உத்தரவாதம். அதற்குள் பேட்டரியை ஒருமுறையாவது, டியூபுலர் என்றால் பலமுறை மாற்ற வேண்டிவரும். இதே வீட்டுக்கு ஈபி இணைப்பு இருந்தால் இன்வெர்ட்டர் இழுக்கும் 480 வாட்-மணி தேவையில்லை; இரண்டு மாதத்துக்கு 108 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், கட்டணம் எட்டு யூனிட்டுக்குத்தான். கம்பம் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு, பணம் மிச்சமாகும் என்று சொல்லித் தனி சோலார் விற்பது ஏமாற்று. கம்பம் எட்டாத வீட்டுக்கு அது அவசியம், ஆனால் மலிவு அல்ல.