கடனை உதவிக் கணக்கில் எழுதாதீர்கள்

வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டக் கடலோரத்தில் மாதர்பாரி என்ற ஊரில் 1,200 மெகாவாட் அனல் மின் நிலையம் இருக்கிறது. எரிபொருள், இறக்குமதி நிலக்கரி. அதைக் கட்டக் கடன் கொடுத்தது ஜப்பான். ஏழை நாடுகளுக்குத் தான் வழங்கிய பருவநிலை நிதி என்று ஐ.நா.விடம் அளித்த கணக்கில் இந்தக் கடனையும் ஜப்பான் சேர்த்திருந்தது 2023இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் புலனாய்வில் வெளிவந்தது. பழைய வகை நிலையங்களைவிட இது குறைவாகப் புகை கக்கும் என்பதுதான் சொல்லப்பட்ட நியாயம். 1991 ஏப்ரலில் சுமார் 1,38,000 பேரைப் பலிகொண்ட புயல் கரையேறியது இதே சிட்டகாங் - காக்ஸ் பஜார் கடற்கரையில்தான். அந்த மக்களின் பெயரால் எழுதப்பட்ட பணம் நிலக்கரி உலைக்குப் போயிருக்கிறது. அதைத் திருப்பிக் கட்ட வேண்டியவர்களும் அவர்களே. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

ஜப்பானை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. ஆசிய நகரங்களில் சாக்லேட், ஐஸ்கிரீம் கடைகள் திறந்த நிறுவனத்துக்குக் கொடுத்த பணத்தை இத்தாலியும், ஹைட்டியில் ஓட்டல் விரிவாக்கத்துக்குக் கொடுத்த கடனை அமெரிக்காவும் இதே தலைப்பில் எழுதியிருந்தன. விதியை மீறிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது, விதியே இல்லை. பருவநிலை நிதி என்றால் எது என்பதற்கு ஐ.நா. பேச்சுவார்த்தைகளில் அனைவரும் ஒப்புக்கொண்ட வரையறை கிடையாது. வளரும் நாடுகள் மாநாட்டுக்கு மாநாடு கேட்டும் பணக்கார நாடுகள் பிடிகொடுக்கவில்லை.

ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்று 2009இல் கோபன்ஹேகனில் வாக்களித்தார்கள். கெடு 2020. இலக்கை எட்டியது 2022இல், 11,590 கோடி டாலர் கொடுத்து, என்கிறது அவர்களுடைய அமைப்பான ஓஇசிடி. அதில் அரசுப் பணமாக வந்ததில் 69 விழுக்காடு கடன், 28 விழுக்காடுதான் மானியம். கடனை முழுத் தொகையாக எழுதாமல் அதில் உண்மையான உதவி எவ்வளவு என்று கழித்துப் பார்த்த ஆக்ஸ்ஃபாம், 3,500 கோடி டாலருக்கு மேல் தேறாது என்கிறது.

கடனே கூடாது என்பதல்ல நம் வாதம். சூரிய மின் நிலையம் மின்சாரம் விற்று அசலை அடைக்கும். கடல்நீரைத் தடுக்கும் கரையோ புயல் காப்பகமோ ஒரு காசும் சம்பாதிக்காது. உயிரைக் காப்பது மட்டுமே அதன் வேலை. அதற்கும் கடன் என்றால், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வைத்திருந்த பணத்தை எடுத்துத்தான் தவணை கட்ட வேண்டும்.

அப்படிப்பட்ட வேலை எத்தனை உயிரைக் காக்கும் என்பதற்கும் வங்கதேசமே சாட்சி. 1970 போலா புயலில் அங்கே குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். 2007 சித்ர் புயலில் இறந்தவர்கள் சுமார் 3,400. 2020 அம்பன் புயலில் சில பத்துப் பேர். இடையில் நடந்தது பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. தூண்கள்மீது நிற்கும் காப்பகம் மற்ற நாட்களில் பள்ளிக்கூடமாக இருக்கிறது. மாட்டை விட்டுவர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கிச் செத்தவர்கள் பலர் என்பதால், மாடும் ஏறுவதற்குச் சாய்தளம் வைத்துக் கட்டினார்கள். சுமார் 76,000 தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் பெண்கள். மூன்று கொடி ஏறினால் உச்ச ஆபத்து என்று ஊரே அறியும். கையில் ஒலிபெருக்கியுடன் வீடுவீடாகப் போய் அழைக்கிறார்கள்.

உயிர் தப்பியவர்களுக்கு வாழ்வாதாரம்? 2009இல் ஐலா புயல் சாத்கீரா, குல்னா மாவட்டங்களில் மண் கரைகளை உடைத்தது. ஊருக்குள் புகுந்த உப்புநீர் பல இடங்களில் வருடக்கணக்கில் வடியவில்லை. மக்கள் உடையாமல் மிஞ்சிய கரைமீதே குடிசை போட்டு இருந்தார்கள். 1960களில் எழுந்த கரைகள் அவை. இன்றும் அப்பகுதிப் பெண்கள் குடிநீருக்காகக் குடத்துடன் வெகுதூரம் நடக்கிறார்கள். உலகின் பசுங்குடில் வாயுவில் வங்கதேசத்தின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை.

மொசாம்பிக்கின் கதையும் இதுவே. ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்த நாடு அது. 2019 மார்ச்சில் இடாய் புயல் பெய்ரா நகரைச் சிதைத்தபோது சர்வதேச நிதியம் நீட்டியது சுமார் 11.8 கோடி டாலர் கடன். வட்டி இல்லை என்றார்கள். அசல்?

கரை கட்டும் பணத்தில் ஊழல் நடக்கிறதே என்ற பதில் வரும். நடக்கிறது, ஒப்பந்தக்காரர்களும் அரசியல்வாதிகளும் அடித்த கொள்ளையை அந்தந்த நாட்டு மக்கள் கேட்கத்தான் வேண்டும். அதைக் காட்டித் தர வேண்டியதைத் தராமலிருக்கப் பணக்கார நாடுகளுக்கு உரிமையில்லை. பாதிக்கப்படும் வளரும் நாடுகளின் பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கும் தகவமைப்புச் செலவுக்குத் துணைநிற்போம் என்று 1992 ஐ.நா. பருவநிலை உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்கள் அவர்கள். தகவமைப்புக்கு அரசுப் பணமும் மானியமும் தேவை என்பதை 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவும் ஒப்புக்கொள்கிறது.

வளரும் நாடுகளின் தகவமைப்புக்கு 2035இல் ஆண்டுக்கு 31,000 கோடி டாலருக்குக் குறையாமல் தேவைப்படும் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம். 2023இல் போய்ச் சேர்ந்தது 2,600 கோடி. அதற்கு முந்தைய ஆண்டைவிடக் குறைவு. இந்த நேரத்தில்தான் அமெரிக்காவும் பிரிட்டனும் ஜெர்மனியும் அயல்நாட்டு உதவியை வெட்டுகின்றன. தகவமைப்பு நிதியை 2035க்குள் மூன்று மடங்காக்க முயல்வோம் என்று பெலெம் பருவநிலை மாநாட்டில் சொன்னார்கள். எதன் மூன்று மடங்கு, அதில் கடன் எவ்வளவு என்று சொல்லாத வாக்குறுதியை நாம் ஏற்கவில்லை.

அந்தால்யா பருவநிலை மாநாட்டில் உட்காருவதற்கு முன் பணக்கார நாடுகள் பழைய கணக்குகளைத் திருத்தி வெளியிட வேண்டும். நிலக்கரியும் ஓட்டலும் கடையும் அடித்து நீக்கப்பட வேண்டும். கடனில் அடங்கிய சலுகைப் பகுதியை மட்டுமே உதவியாக எழுத வேண்டும். கரைக்கும் காப்பகத்துக்கும் குடிநீருக்கும் தருவது மானியமாகவே இருக்க வேண்டும். புயல் தாக்கிய நாட்டிடம் அந்த ஆண்டுத் தவணையைக் கேட்கக் கூடாது. வரையறை எழுதப்படும்வரை எந்தப் புதிய தொகைக்கும் இந்தியா உள்ளிட்ட வளரும் நாடுகள் சம்மதம் தரக் கூடாது.