நயினார் வீட்டுப் பிள்ளையும் ஆறாம் வகுப்புப் பாடமும்

கொஞ்சம் நீளமான பதிவுதான். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வாருங்கள்.

அரசுப் பள்ளியில் எல்லா மதங்களைப் பற்றியும் பாடம் நடத்த வேண்டும் என்பது என் கட்சி. இதைச் சொன்னாலே "சட்டத்தில் இடமில்லையே சார்" என்கிறார்கள். அரசியலமைப்பின் 28(1) பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது. "இப்படிக் கும்பிடு" என்றால் அது போதனை. "அவர்கள் ஏன் இப்படிக் கும்பிடுகிறார்கள்" என்று விளக்கினால் அது பாடம். 1964-66 கோத்தாரி கல்விக் குழுவே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டி, பெரிய மதங்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பரிந்துரைத்தது. 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் மதங்களைப் பற்றிப் படிப்பதை 28ஆம் பிரிவு தடுக்கவில்லை என்றது.

மகாவீரரும் புத்தரும் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் இருக்கிறார்களே என்பீர்கள். இருக்கிறார்கள், என்றோ முடிந்துபோன கதையாக. நம் செஞ்சிப் பக்கத்திலேயே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் நடக்கிறது, தேர் ஓடுகிறது. திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரைப் பற்றிய கல்வெட்டும் அங்கே உண்டு. சிங்கவரத்தில் ரங்கநாதர், கோட்டைக்குள்ளேயே வெங்கட்ரமணர் கோயிலும் சாதத்துல்லா கான் மசூதியும், நம்மூர் மலைமேல் ராஜசிம்மன் கட்டிய சிவன் கோயில். இதற்குமேல் என்ன ஆய்வுக்கூடம் வேண்டும்?

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் நயினார் வீட்டுப் பையன் ஒருவன் படித்தான். சுற்றுலா போனால் பொழுது சாய்வதற்குள் கட்டுச்சோற்றைப் பிரித்துவிடுவான். "இருட்டுன்னா பயமாடா?" என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள். அதே பிள்ளைகள்தான் மகாவீரர் 24ஆவது தீர்த்தங்கரர் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். அவனையே எழுந்து சொல்லச் சொன்னேன். இருட்டில் சாப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகள் செத்துப்போகும், அதனால்தான் என்றான். வகுப்பு கப்சிப். அப்புறம் ஒரு பெண் எழுந்து, "எங்க தெருவுல பாய் வீட்டுல நோன்பு அன்னிக்கு இருட்டினப்புறம்தானே சார் சாப்பிடுறாங்க, அது ஏன்?" என்று கேட்டாள். எனக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.

எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். இலங்கையில் சமயம் கட்டாயப் பாடம். ஆனால் சைவப் பிள்ளை சைவநெறி படிக்கும், இஸ்லாமியப் பிள்ளை இஸ்லாம் படிக்கும். பக்கத்து வீட்டைப் பற்றி ஒருவரும் படிப்பதில்லை. சிங்கப்பூர் 1984இல் உயர்நிலை வகுப்புகளுக்குச் சமய அறிவைக் கட்டாயமாக்கி, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பிள்ளைகளுக்குள் மதப் பிரிவினை கூடுகிறது என்ற கவலை வந்து, சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்கள். ஆகவே தனித்தனி வகுப்பு வேண்டாம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்கட்டும்.

"வாத்தியாரே தன் மதத்தைத் திணித்தால்?" இந்தப் பயம் நியாயமானது, இதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். இரண்டு வருட ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குப் பாடக்குறிப்பு எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள், கரும்பலகையில் நேராக எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். அடுத்தவர் நம்பிக்கையை அவர் பிள்ளை எதிரே எப்படிப் பேசுவது என்று ஒரு மணி நேரம்கூடச் சொல்லவில்லை. முதல் செலவு அங்கேதான் ஆக வேண்டும், புத்தகம் அச்சடிப்பது அப்புறம். எந்த மதம் உசத்தி என்ற பேச்சே வகுப்பில் வரக்கூடாது. சாதியை மதங்கள் தாங்கியதையும் எதிர்த்ததையும் மறைக்கவும் கூடாது.

பள்ளி பேசாவிட்டால் பிள்ளைகள் கேட்காமல் இருந்துவிடுவார்களா? வாட்ஸ்அப் பேசுகிறது. நம் குடும்பக் குழுவில் போன மாதம் வந்ததைப் பார்த்தீர்கள்தானே, அனுப்பியவர் பெயரைச் சொல்ல மாட்டேன்.

செஞ்சி வட்டாரத்தில் ஆசிரியராக இருக்கும் என் பழைய மாணவர்கள் யாராவது இந்த ஆண்டு ஆறாம் வகுப்பைத் திருநாதர்குன்றுக்குக் கூட்டிப்போங்கள். மழைக்காலம் முடிந்த பிறகு போங்கள், பாறை வழுக்கும். தேதி சொன்னால் நானும் வருகிறேன்.