கீழப்பாவூரில் எத்தனை எழுத்து?

கீழப்பாவூர் என்னும் பெயரில் எத்தனை எழுத்துகள் எனக் கேட்டால், அவ்வூர்த் தொடக்கப்பள்ளி மாணவரும் 6 என்பார்: கீ, ழ, ப், பா, வூ, ர். பைத்தான் என்னும் நிரல்மொழி 11 என்கிறது. அது எண்ணுவது எழுத்தையன்று, ஒருங்குறிக் குறியெண்களை. ஆவணத்திலும் அப்படியே எழுதியிருப்பதால் இதில் நமக்குப் பெரிய வழக்கில்லை.

நம் வழக்கு வேறு. அம்மொழியின் செந்தர நூலகத்தில், பனுவலைச் சொல் சொல்லாகப் பிரிக்க உதவும் 'ரீ' என்றொரு தொகுதி உண்டு. சொல்லுக்குரிய எழுத்து எது என்பதை அதில் 'பின்சாய்கோடு டபிள்யூ' என்னும் குறி முடிவு செய்கிறது. கீழப்பாவூரை அதனிடம் ஒப்படைத்தால் க, ழப, ப, வ, ர என்று 5 துண்டுகள் திரும்பி வருகின்றன. கொம்பும் காலும் புள்ளியும் இடைவெளிக்கும் காற்புள்ளிக்கும் சமமாகி, சொல்லுக்குப் புறம்பாகிவிட்டன. ஒருங்குறி அவற்றை 'எழுத்து' வகையில் வைக்காமல் 'சார்குறி' வகையில் வைத்திருப்பதும், நூலகம் முதல் வகையையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்பதும் காரணம்.

இதைப் பிழையென்று 2007இல் தேவநாகரியை முன்வைத்து ஒருவர் முறையிட்டார். 2011இல் ஒருங்குறியின் 18ஆம் தொழில்நுட்பச் செந்தரத்தையே சான்றாகக் காட்டி மற்றொரு முறையீடு எழுந்தது. சார்குறிகளும் சொல்லுக்குள் அடங்கும் என்று அச்செந்தரம் தெளிவாகப் பரிந்துரைக்கிறது. பெர்ல் மொழி அதன்படி நடக்கிறது. ஆயினும் இவ்விரு முறையீடுகளும் ஆண்டுக்கணக்கில் தீர்வின்றிக் கிடந்தன.

இத்தகைய முறையீடுகளுக்கு எதிராகச் சொல்லப்படுபவை இரண்டு. ஆவணத்தில் உள்ளபடியே இயங்குகிறது, ஆகவே பிழையன்று என்பது ஒன்று. தவற்றை எழுதிவைத்துவிட்டால் அது இலக்கணமாகிவிடுமா? அவ்வாறாயின் அச்சுப்பிழையோடு வந்த ஏட்டுப் பதிப்புகளைத் திருத்த எவரும் உழைத்திருக்க வேண்டியதில்லை. மாற்றினால் பழைய நிரல்கள் முறியும் என்பது மற்றொன்று. இது பொருட்படுத்தத்தக்க வாதமே. ஆனால் 2008இல் வெளிவந்த பைத்தான் 3, சரங்களை ஒருங்குறிக்கு மாற்றுவதற்காகப் பழைய நிரல்கள் முறியும் என்று அறிந்தே அவற்றை முறித்தது. பழமையைக் காக்கும் கடமை நம் புள்ளியைக் கண்டதும் மட்டும் நினைவுக்கு வருவானேன்?

வெளியே 'ரீஜெக்ஸ்' என்னும் தனித்தொகுதி சரியாகப் பிரிக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமே எனலாம். அறிந்தவர் பயன்படுத்துவர். அறியாதவர் கதி என்ன? எந்திரக் கற்றலுக்குப் பரவலாகப் பயன்படும் சைக்கிட்-லேர்ன் தொகுதியின் சொல்லெண்ணி, இயல்பமைப்பில் இதே குறியை நம்பி, ஓரெழுத்துத் துண்டுகளைக் கழித்துவிடுகிறது. கீழப்பாவூரில் மிஞ்சுவது 'ழப' மட்டுமே. பிழைச்செய்தி ஏதும் வராது. சங்கப் பாடல்களுக்குச் சொல்லடைவு செய்யும் ஆய்வு மாணவர் ஒருவர் அந்த 'ழப'க்களை எண்ணி அட்டவணையிட்டு முடிவுரையும் எழுதிவிட முடியும்.

நம் தரப்பினரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். இவ்விடரைக் கண்டவுடன் ஒருங்குறியே தமிழுக்கு இழைத்த வஞ்சனை, 247 எழுத்துக்கும் தனித்தனிக் குறியெண் வேண்டும் என்று முழங்குகிறோம். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு அனைத்து எழுத்துக் குறியேற்றமான டேஸ்16ஐயும் ஏற்றது. அதனால் பைத்தான் நூலகத்தில் ஒரு வரியும் மாறவில்லை. பனை, பறவை, பலம், பளிங்கு, பழம், பவளம் என்று எந்திரம் தலைகீழாக அடுக்குவதும் அத்தகையதே. பலம் முதலில் வந்து பனை இறுதியில் நிற்க வேண்டும் என்னும் நம் அகரவரிசை, ஒருங்குறியின் வட்டார வழக்குத் தரவில் ஏற்கெனவே உள்ளது. குறியெண் வரிசையையே அகரவரிசையாகக் கொள்வது நூலகத்தின் இயல்பமைப்பு.

ஆகவே முழக்கத்தை நிறுத்திவிட்டு முறையீடு எழுதுவோம். கீழப்பாவூருக்கு அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் மென்பொருள் எழுதப்படுகிறது. நிரலறிந்தோருக்கு இங்கே பஞ்சமில்லை. அவர்களுக்கு இலக்கணம் அறிந்தோர் துணை தேவை. மெய்யைக் குறிக்கும் அடையாளமே புள்ளி என்பது தொல்காப்பியம் வகுத்த செய்தி. புள்ளியை நீக்கினால் 'ப்' என்பது 'ப' ஆகிவிடும். இதைச் சான்றுகளோடு, பொறுமையோடு, மீண்டும் மீண்டும் எடுத்துரைக்க வேண்டியவர்கள் தமிழ்த்துறையினர். நாம் வாளாவிருந்தால், 'பிழையன்று' என்னும் தீர்ப்பை எவரோ எழுதுவர். அதில் நம் மௌனமும் ஒப்பமிட்டிருக்கும்.