காற்றை அளந்தால் போதுமா?

நள்ளிரவு நேரம். ஊர் உறங்கிக்கொண்டு இருந்தது.

திடீர் என்று மூக்கைத் துளைக்கும் நெடி! கண் எரிந்தது. தொண்டை அடைத்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் வீதிக்கு ஓடி வந்தார்கள். மூச்சுத் திணறிய பலரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

சென்னைக்கு வடக்கே எண்ணூரில், 2023-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி இரவு இது நடந்தது. கப்பலில் வரும் அமோனியாவை உர ஆலைக்குக் கொண்டு செல்ல, கடலுக்கு அடியில் ஒரு குழாய் போட்டு இருந்தார்கள். அந்தக் குழாயில் இருந்துதான் வாயு கசிந்தது.

அதிகாரிகள் வந்து காற்றை அளந்தார்கள். ஆலை வாசல் அருகே ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்தது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால், அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். 24 மணி நேரச் சராசரி 400-ஐத் தாண்டக் கூடாது என்பது அரசாங்கத்தின் விதி.

எப்படி அளக்கிறார்கள்?

காற்றை அளக்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, பழைய வழி. காற்றை உறிஞ்சும் கருவியில் ஒரு வடிதாளை வைப்பார்கள். தூசி அதில் படியும். தாளை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால், தூசியின் எடை தெரிந்துவிடும். இதை வாரத்துக்கு 2 நாள் செய்ய வேண்டும். ஆண்டுக்கு 104 நாள் ஆகிறது. மற்ற நாட்களில் காற்று எப்படி இருந்தது? தாளுக்குத் தெரியாது!

இன்னொன்று, இரவு பகலாகத் தானே அளக்கும் கருவி. ஆலைகள் நிறைந்த மணலியில் இது இருக்கிறது. கருவி காட்டும் கணக்கை நாம் செல்போனிலேயே பார்க்கலாம்.

அப்படியானால் கவலை இல்லையே என்று கேட்பீர்கள். இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது.

சராசரி செய்யும் வேலை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளில் 23 மணி நேரம் அமோனியா 50 மைக்ரோகிராம்தான் இருக்கிறது. ஒரே ஒரு மணி நேரம் மட்டும் 2,090 ஆகிறது. அன்றைய சராசரி என்ன? வெறும் 135!

விதியோ 400. ஆகவே, ஏட்டில் பார்த்தால் அன்று நல்ல நாள். ஆனால் அந்த ஒரு மணி நேரம் மூச்சுத் திணறிய பாட்டிக்கு? இருமித் துவண்ட குழந்தைக்கு?

செல்போனில் வரும் காற்றுத் தரக் குறியீடும் பெரும்பாலும் 24 மணி நேரச் சராசரியைக் கொண்டு கணக்கிடுவதுதான். ஊர் எப்படி இருக்கிறது என்று அது சொல்லும். இந்த நிமிடம் உங்கள் தெருவில் என்ன வீசுகிறது என்று சொல்லாது.

கருவி இருக்கும் இடமும் முக்கியம். ஆலைக்கு மேற்கே மக்கள் குடியிருக்க, கிழக்கே கருவி நின்றால் என்ன பயன்? கடல் காற்று புகையை மேற்கேதான் தள்ளும்.

வாளியில் பிடித்த காற்று

கடலூர் சிப்காட் பகுதி கிராமத்து மக்கள் 2004-ம் ஆண்டில் ஒரு காரியம் செய்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு தனி வகைப் பையைப் பொருத்தினார்கள். வாளிக்குள் இருக்கும் காற்றைச் சிறு பம்பு வெளியே இழுக்கும். உடனே பைக்குள் வெளிக்காற்று புகுந்து நிறையும். சில நிமிட வேலைதான். நெடி வீசும் நேரத்திலேயே காற்றைப் பிடித்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். இருபதுக்கு மேற்பட்ட ரசாயனங்கள் அதில் இருந்தது தெரிய வந்தது.

படித்தவர், படிக்காதவர் எல்லோரும் சேர்ந்து செய்த வேலை இது. நெடி வந்த தேதி, நேரம், காற்று வீசிய திசை ஆகியவற்றையும் குறித்து வைத்தால், அதுவே ஒரு சாட்சி ஆகிறது. அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

கருவிகள் வேண்டும். அவை மக்கள் குடியிருக்கும் பக்கத்தில் நிற்க வேண்டும். சராசரியோடு, மணிக்கு மணி உள்ள அளவையும் தெருமுனையில் தமிழில் எழுதிக் காட்ட வேண்டும். அளவு மீறினால் உடனே சங்கு ஊத வேண்டும்.

ஜனங்கள் மயங்கி விழுந்த பிறகு அளப்பது கணக்கு. விழும் முன்பே அளந்து சொல்வதுதான் காவல்.