தூதரகத்தின் கை எதுவரை நீளும்?

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் ஒன்று தீப்பிடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்துபோனார்கள். அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். 14ஆம் தேதி காலை விமானப்படை விமானம் உடல்களைக் கொச்சியில் கொண்டுவந்து இறக்கியது. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த பல வீடுகளில் ஒரு கேள்வி எழுந்திருக்கும்: நம் வீட்டுப் பிள்ளை சவூதியில் மாரடைப்பில் போனபோது உடல் வந்துசேர வாரக்கணக்கில் ஆனதே, அப்போது எம்பசி எங்கே போயிருந்தது?

நியாயமான கேள்விதான். மங்காஃப் போன்ற பெருந்துயரங்களில் இரு நாட்டு அரசுகளும் மேல்மட்டத்தில் பேசி வழக்கமான நடைமுறைகளைச் சுருக்கிக்கொள்கின்றன. தனி ஒருவரின் மரணமோ கைதோ சம்பளப் பாக்கியோ அப்படி நகர்வதில்லை. அது சட்டம் வகுத்த பாதையில், ஒவ்வொரு தாளாகத்தான் நகரும். அந்தப் பாதை தெரியாததால்தான் 'தூதரகம் நினைத்தால் எதையும் செய்யும்' என்று நம்பிப் போகிறவர்கள், ஒரு மாதம் கழித்து 'அவர்கள் எதையும் செய்ய மாட்டார்கள்' என்று சொல்லித் திரும்புகிறார்கள்.

முதலில், எந்தக் கதவைத் தட்டுவது என்பது. தலைநகரில் இருப்பது தூதரகம்; மற்ற பெரிய நகரங்களில் இருப்பவை துணைத் தூதரகங்கள். அமீரகத்தில் அபுதாபியில் தூதரகமும் துபாயில் துணைத் தூதரகமும் உண்டு; ஷார்ஜாவில் இருப்பவர் துபாய்க்குத்தான் போக வேண்டும். சவூதியில் தம்மாமில் வேலை பார்ப்பவருக்கு ரியாத், மதீனாவில் இருப்பவருக்கு ஜித்தா. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை போன்ற காமன்வெல்த் நாடுகளில் தூதரகத்துக்கு ஹை கமிஷன் என்று பெயர். வேலை ஒன்றுதான். ஆனால் எல்லை மாறிப் போட்ட மனு மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த அலுவலகங்களின் அதிகாரம் 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையிலிருந்து வருகிறது. தன் நாட்டுக் குடிமக்களுக்கு உதவுவது, பாஸ்போர்ட் கொடுப்பது, பிறப்பு இறப்பைப் பதிவது, சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பது ஆகியவற்றை அது தூதரக அலுவலரின் பணிகளாகச் சொல்கிறது. கூடவே, அந்த நாட்டின் சட்டத்தை மதிக்க வேண்டும், உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்றும் கட்டளையிடுகிறது. ஆகவே நம் அலுவலர் அங்குள்ள காவல் நிலையத்தில் நின்று ஒருவரை விடுவிக்கச் சொல்லி உத்தரவிட முடியாது. நீதிமன்றத்தில் வக்கீலாக வாதாட முடியாது. முதலாளியின் கணக்கிலிருந்து சம்பளத்தைப் பிடித்துத் தரவும் முடியாது. இவையெல்லாம் அந்த நாட்டு அரசின் கையில் இருக்கின்றன. அமெரிக்கத் தூதரகத்துக்கும் இதே வரம்புதான்.

இந்த வரம்பைக் கண்ணெதிரே காண வளைகுடா வரை போக வேண்டியதில்லை. ராமேஸ்வரம், புதுக்கோட்டை, நாகை மீனவர்கள் இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்படும்போது, 2010இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாண இந்தியத் துணைத் தூதரகத்தின் அலுவலர்கள் சிறைக்குப் போய் அவர்களைப் பார்க்கிறார்கள். மாற்றுத்துணி, அன்றாடத் தேவைக்கான பொருள்கள் கொடுக்கிறார்கள். விடுதலை ஆனதும், பாஸ்போர்ட் இல்லாத அந்த மீனவர்கள் கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானம் ஏற அவசரப் பயணச் சான்று தருகிறார்கள். ஆனால் படகு? அது இலங்கை நீதிமன்றத்தின் முன் இருக்கும் சொத்து. உரிமையாளர் அங்கே வழக்கில் முன்னிலையாகித்தான் கேட்க வேண்டும். ஆளை மீட்டவர்கள் படகை ஏன் மீட்கவில்லை என்று கரையில் கோபம் வருவது இயல்பு. கைதானவருக்குத் துணை நிற்க உடன்படிக்கை இடம் தருகிறது. பறிமுதலான சொத்தைத் திருப்பித்தரச் சொல்லி உத்தரவிட அது எந்த அலுவலருக்கும் அதிகாரம் தரவில்லை. அதைச் செய்ய இரண்டு அரசுகளும் அரசியல் மட்டத்தில் பேச வேண்டும். அந்தப் பேச்சு போதவில்லை என்ற குறை உண்மையானது. ஆனால் அந்தக் குறையைச் சொல்ல வேண்டிய இடம் புதுதில்லி.

கைது விஷயத்தை இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தெரியாமல் போவதால் அதிகம் இழப்பது இதில்தான். உடன்படிக்கையின் 36ஆவது பிரிவின்படி, ஒரு வெளிநாட்டவரைக் கைது செய்தால், தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்பதைத் தாமதமில்லாமல் அவரிடம் தெரிவிக்க வேண்டும். அவர் கேட்டுக்கொண்டால் தூதரகத்துக்குத் தகவல் போக வேண்டும். பாகிஸ்தானில் கைதான இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில் 2019 ஜூலை 17 அன்று சர்வதேச நீதிமன்றம் 15-க்கு 1 என்ற கணக்கில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது இந்தப் பிரிவை மீறியதற்காகத்தான். இதற்கு முன்பு ஜெர்மனியும் மெக்சிகோவும் தத்தம் குடிமக்களுக்காக அமெரிக்காவை இதே பிரிவின் பேரில் நீதிமன்றத்துக்கு இழுத்து வென்றிருக்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது 'அவர் கேட்டுக்கொண்டால்' என்ற சொற்கள். கைதானவர் வாயைத் திறந்து கேட்க வேண்டும். பிடிபட்டது ஊரில் தெரிந்தால் மானம் போய்விடும் என்று பலர் கேட்பதில்லை. மொழி தெரியாத பயத்தில், படிக்கத் தெரியாத அரபித் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. 'இந்தியன் எம்பசி' என்ற இரண்டு சொற்கள் எந்த நாட்டுக் காவல் நிலையத்திலும் புரியும். அவற்றை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கையெழுத்து அதற்குப் பிறகு. தகவல் போனால் அலுவலர் வந்து பார்ப்பார். மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரா என்று கேட்பார். வக்கீல்களின் பட்டியல் தருவார். வீட்டுக்குச் செய்தி சொல்வார். கையில் காசில்லாதவருக்குத் தகுதியைப் பார்த்துச் சட்ட உதவிக்கும் பணம் ஒதுக்க வழி உண்டு. வழக்கின் முடிவை அலுவலரால் மாற்ற முடியாது. ஆனால் வெளியாள் ஒருவர் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்பது கைதியை நடத்தும் விதத்தை மாற்றும். அதுவே பெரிய காப்பு.

சட்ட உதவிக்கான அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 2009இல் தொடங்கப்பட்ட இந்தியச் சமூக நல நிதி, தூதரகங்களில் பாஸ்போர்ட் புதுப்பிப்பு போன்ற சேவைகளுக்கு நாம் செலுத்தும் கட்டணத்தோடு சேர்த்து வாங்கப்படும் சிறு தொகையால் நிரம்புகிறது. தவித்து நிற்பவருக்குத் தங்குமிடம், ஊர் திரும்ப டிக்கெட், அவசர சிகிச்சை, உடலைக் கொண்டுவரும் செலவு ஆகியவற்றுக்கு அதிலிருந்து கொடுக்கலாம். கூலித் தொழிலாளியும் சொட்டுச் சொட்டாகச் சேர்த்த பணம் அது. அதைக் கேட்க யாரும் கூனிக் குறுக வேண்டியதில்லை.

இனி மரணம். வெளிநாட்டில் ஒருவர் இறந்தால் மருத்துவமனையின் இறப்பு அறிக்கை, விபத்தாக இருந்தால் காவல்துறையின் அனுமதி, உடலைப் பதப்படுத்திய சான்று, ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட், தூதரகத்தின் தடையில்லாச் சான்று என்று ஒவ்வொன்றும் வந்துசேர்ந்த பிறகே விமானச் சரக்குப் பிரிவு உடலை ஏற்றுக்கொள்ளும். இயற்கைக்கு மாறான மரணம் என்றால் விசாரணை முடியும்வரை உடலை விடமாட்டார்கள். தூதரகம் கடிதம் எழுதலாம், நினைவூட்டலாம், அவ்வளவுதான். செலவை ஏற்க வேண்டியவர் பெரும்பாலும் முதலாளி. அவர் கைவிரித்தால், மேலே சொன்ன நல நிதி.

நம் பக்கத்திலிருந்து போக வேண்டிய தாள் ஒன்றும் இருக்கிறது. உடலை ஊருக்கு அனுப்புவதா, அங்கேயே அடக்கம் செய்வதா, அங்கே யார் கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொள்வது என்பதைச் சட்டப்படியான வாரிசு எழுதித்தர வேண்டும். மனைவிக்கும் இறந்தவரின் பெற்றோருக்கும் மனத்தாங்கல் உள்ள வீடுகளில் இந்த ஒரு கடிதத்தாலேயே நாள்கள் ஓடிவிடுகின்றன. அதே கடிதத்தில் 'பாக்கிச் சம்பளம், இழப்பீடு உட்பட அனைத்தையும் பெற்றுக்கொள்ள' என்று பொத்தாம்பொதுவாக எழுதிக் கையெழுத்து வாங்கும் இடைத்தரகர்களும் உண்டு. உடலைப் பெறும் அதிகாரத்தை மட்டும் கொடுங்கள். பணத்துக்கான அதிகாரத்தைத் தூதரகத்தின் பெயருக்கே கொடுக்கலாம். அங்கே வசூலாகும் தொகை பல நேரங்களில் மாவட்ட ஆட்சியர் வழியாகவே வாரிசுகளுக்கு வந்துசேர்கிறது.

சம்பளத் தகராறில் நிலைமை இன்னும் சிக்கலானது. புகார் போனால் தூதரகம் முதலாளியை அழைத்துப் பேசும், தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வழிகாட்டும். ஆனால் பேசுவதற்குக் கையில் ஒரு பிடி வேண்டும். அந்தப் பிடி வேலை ஒப்பந்தம். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். முதலாளி யார், சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் அப்போது அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகிவிடும். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடமானாலோ 10 லட்சம் ரூபாய் தரும் காப்பீடும் அத்தோடு வரும். 'இதெல்லாம் அலைச்சல், விசிட் விசாவில் போய் அங்கே மாத்திக்கலாம்' என்று ஏஜென்ட் சொல்வது இந்தப் பாதுகாப்பு முழுவதையும் வழித்தெறியும் யோசனை. விசிட்டில் போனவருக்குப் பதிவான ஒப்பந்தமும் இருக்காது, அந்தக் காப்பீடும் இருக்காது. அவருக்காகத் தூதரகம் யாரிடம் எதைக் காட்டிப் பேசும்? தூதரகம் உதவவில்லை என்ற புகார்களைத் துருவிப் பார்த்தால், பலவற்றின் வேர் ஊரில் ஏஜென்ட் அலுவலகத்து மேசையில் இருக்கிறது.

அடுத்த சிக்கல், பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது. நம் 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. அடகுப் பொருளாக அதைப் பூட்டிவைக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. கொடுக்க மறுத்தால் தூதரகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். திரும்பக் கிடைக்காமலே போனாலும் ஊர் திரும்ப அவசரச் சான்று உண்டு. ஆனால் அங்கிருந்து வெளியேறும் அனுமதியை அந்த நாட்டு அரசுதான் தர வேண்டும். முதலாளி 'ஹுரூப்' என்று ஓடிப்போனவர் பட்டியலில் சேர்த்துவிட்டால், சவூதியில் அந்த முடிச்சை அவிழ்க்காமல் எக்ஸிட் கிடைப்பது கடினம்.

குடும்பத்தோடு இருப்பவர்கள் தவறவிடுவது வேறு. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். தவறினால் மத்திய அரசின் அனுமதி கேட்டு நடக்க வேண்டும். ஊரில் நிலம் விற்கத் தூதரக அலுவலர் முன் கையெழுத்திட்டு அனுப்பும் அதிகாரப் பத்திரத்துக்கும் ஒரு கெடு உண்டு. அது இந்தியாவுக்கு வந்துசேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே உரிய முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். அண்ணன் அனுப்பிய பத்திரத்தைத் தம்பி பீரோவில் பத்திரமாக வைத்திருந்து, வாங்குபவர் கிடைத்த பிறகு ஆறாம் மாதம் எடுத்துப் பார்ப்பார். சார்பதிவாளர் அலுவலகத்தில் அது திருப்பி அனுப்பப்படும். அண்ணன் மீண்டும் ஒருநாள் விடுப்பு எடுத்து வரிசையில் நிற்க வேண்டும். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்று ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த அட்டை நீண்டகால விசா போன்றது. வெளிநாட்டில் சிக்கல் வந்தால் உங்களுக்காகப் பேச வேண்டியது உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டினுடையதோ அந்த நாடுதான்.

அரசின் பக்கமும் கடமை பாக்கி இருக்கிறது. தூதரக உதவி இன்னின்ன நாளுக்குள் கிடைக்க வேண்டும் என்று குடிமகன் உரிமையோடு கேட்கும்படியான சட்டம் நம்மிடம் இல்லை. வழிகாட்டு நெறிகளும் அலுவலரின் மனமும்தான் இருக்கின்றன. 2015இல் வந்த மதத் இணையதளத்தில் புகாரைப் பதிந்து அதன் நிலையைத் தொடர முடிகிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் கணவர் ஜித்தாவில் சிறையில் இருக்கும்போது சிவகங்கைக் கிராமத்தில் இருக்கும் பெண் அதை ஆங்கிலத்தில் எப்படி நிரப்புவார்? தமிழ்நாட்டில் அயலகத் தமிழர்களுக்கென்று தனித் துறையே இருக்கிறது. ஒவ்வொரு இ-சேவை மையத்திலும் இந்த மனுவைத் தமிழில் கேட்டு எழுதிப் பதிந்துகொடுக்க ஒருவரைப் பழக்குவது பெரிய செலவில்லை. அதை அந்தத் துறை செய்ய வேண்டும்.

அதுவரை காத்திருக்காமல் வீட்டில் செய்துவைக்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் மகனோ கணவரோ விமானம் ஏறும் முன் பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், விசா, வேலை ஒப்பந்தம், காப்பீட்டுத் தாள் ஆகியவற்றின் நகலை வாங்கி வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் இக்காமா அல்லது அடையாள அட்டையின் படம், கம்பெனியின் பெயர், தங்குமிடம், கூட இருக்கும் நண்பர் ஒருவரின் எண் ஆகியவற்றைக் கேட்டு அதே உறையில் சேருங்கள். எந்தத் தூதரகத்தின் எல்லையில் அவர் இருக்கிறார் என்பதையும் உறையின் மேல் எழுதிவிடுங்கள்.