சீசன் முடிந்தது, சாலைக்கு வாருங்கள்
1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், கடைசியில் 10 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக் டிரையத்லானில் பல பதக்கங்களை அந்த ஓட்டமே தீர்மானிக்கிறது. 2024 பாரிஸில் பிரிட்டனின் அலெக்ஸ் யீ, கடைசி சில நூறு மீட்டரில் நியூசிலாந்தின் ஹேடன் வைல்டை முந்தி, 6 விநாடி வித்தியாசத்தில் தங்கம் வென்றார். 2018-லேயே அவர் 10,000 மீட்டர் ஓட்டத்தில் பிரிட்டன் சாம்பியன்! சீசன் முடிந்ததும் டிரையத்லான் வீரர்கள் 5, 10 கி.மீ. சாலைப் பந்தயங்களில் இறங்கத்தான் வேண்டும். சைக்கிள் மிதித்துக் களைத்த கால்களுக்கு எட்டாத வேகத்தை, களைப்பில்லாத கால்களுக்கு அங்கேதான் பழக்க முடியும். தனிப் பயிற்சியில் மனம் தளரும் இடத்தில், பக்கத்தில் ஓடுபவர் நம்மை இழுத்துச் செல்வார். ஆனால் வாராவாரம் பந்தயத்தில் ஓடினால் கெண்டைக்கால் தாங்காது. மாதம் ஒரு பந்தயம் போதும். ஓய்வுக்காலத்தில் வேகத்தைச் சேர்ப்பவரே அடுத்த சீசனில் முந்துவார்.